ராட்டினத்துக்குப் பக்கத்தில் மல்லர் மண்டபம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மல்யுத்தம் பார்ப்பவர் என்று தெரிந்ததால் இதை உங்களிடம் கேட்கிறேன். என் அண்ணன் அமெரிக்காவில், ஆர்லாண்டோ பக்கம் வேலையில் இருக்கிறார். போன வாரம் போனில், "டபிள்யூ.டபிள்யூ.இ-காரங்க ஹால் ஆஃப் ஃபேமை இங்க ஏதாவது ஒரு தீம் பார்க்குள்ள கட்டணும்டா, கூட்டம் அள்ளிரும்" என்றார். டபிள்யூ.டபிள்யூ.இ என்ற மல்யுத்த நிறுவனம் பெரிய வீரர்களின் பெயரைச் சேர்த்துக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தைத்தான் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய காலத்திலிருந்து பிரெட் ஹார்ட்டும் அண்டர்டேக்கரும் எனக்குப் பெரிய ஆட்கள். அவர்கள் பெயரைப் பொறித்த இடத்தில், தண்ணீர்ச் சறுக்கில் நனைந்த துணியோடு ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடப்பதா? நம்ம ஊரில் மாடுபிடி வீரர்களுக்கு ஒரு மண்டபம் கட்டி அதைப் பரவை அதிசயம் பார்க்குக்குள் வைத்தால் நாம் சும்மா இருப்போமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

இப்படிக்கு,
ஒரு வாசகன் (பெயர் வேண்டாம் அக்கா, வீட்டில் கேலி செய்வார்கள்)

அன்புள்ள தம்பி,

ஈரத்துணியும் ஐஸ்கிரீமும் எனக்கு உறுத்தவில்லை. இந்தக் கலை பிறந்ததே அப்படிப்பட்ட திடலில்தான். நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன கார்னிவல்களில் ராட்டினத்துக்கும் குறிபார்த்துச் சுடும் கடைக்கும் நடுவே ஒரு கூடாரம் இருக்கும். அதில் ஒரு பயில்வான். "இவரோடு இத்தனை நிமிஷம் தாக்குப்பிடித்தால் பணம்" என்று வாசலில் ஒருவர் கூவுவார். உள்ளூர் இளவட்டம் வேட்டி மடித்துக் கட்டாத குறையாக மேடையேறும். சில சமயம் கூட்டத்திலிருந்து ஏறுகிறவரே கூடாரத்து ஆளாக இருப்பார். முடிவை முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு நிஜம்போல ஆடும் வித்தை அந்தக் கூடாரங்களில்தான் ஊறி வளர்ந்தது. அப்படிப்பட்டவர்களைத் திரும்பவும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதில் இழிவு எங்கே வருகிறது?

நீங்கள் மதுரைப் பக்கத்து ஆள், யோசித்துப் பாருங்கள். தல்லாகுளத்தில் அழகருக்கு எதிர்சேவை நடக்கும்போது, கூப்பிடு தூரத்தில் தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி ராட்டினம் எத்தனை வருஷம் சுற்றியிருக்கிறது! சாமியைக் கும்பிட்டுவிட்டு நேராக மரணக் கிணறு பார்க்கப் போன குடும்பங்கள்தானே நாம். பக்திக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

ஆனாலும் உங்கள் அண்ணன் சொல்வதற்கு நான் தலையாட்ட மாட்டேன். ஆர்லாண்டோவில் இது ஏற்கெனவே ஒருவிதமாக நடந்து பார்த்தாகிவிட்டது. 1993-ல் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனம் அங்குள்ள டிஸ்னி-எம்.ஜி.எம். ஸ்டுடியோ என்ற தீம் பார்க்கில் தன் நிகழ்ச்சிகளைப் படம் பிடித்தது. பார்க்கைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான் பார்வையாளர்கள். எப்போது கைதட்ட வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பல மாதத்துக்கான நிகழ்ச்சிகளை ஒரே மூச்சில் எடுத்ததால், இன்னும் வெல்லாத பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீரர்கள் மேடைக்கு வந்தார்கள். பிறகு 2004-லிருந்து 2013 வரை டி.என்.ஏ. என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனம் யுனிவர்சல் ஸ்டுடியோ தீம் பார்க்கில் ஒரு படப்பிடிப்புத் தளத்தை வைத்துக்கொண்டு வாராவாரம் ஆடியது. அங்கே ஏ.ஜே. ஸ்டைல்ஸ், சமோவா ஜோ போன்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடியதை நான் மதிக்கிறேன். உள்ளே உட்காரக் கட்டணம் இல்லை. உண்மையான ரசிகர்களும் வந்தார்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் வந்தார்கள். ஆட்டத்துக்கு அது போதும். யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரு நல்ல ஆட்டம் அவர்களைப் பிடித்து இழுத்துவிடும்.

புகழ் மண்டபத்தின் வேலை அதைவிடக் கடினமானது. இந்த ஆட்டம் அந்த உடம்புகளை என்ன செய்தது என்பதையும் அது சொல்ல வேண்டும். பார்க் அதற்கு இடம் கொடுக்குமா என்பதுதான் என் கவலை.

ஒரே ஒரு பிடியை எடுத்துக்கொள்வோம். பைல்டிரைவர் என்பது எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி, அவர் தலை தரையைப் பார்க்க அப்படியே உட்காருவது. 1997 ஆகஸ்டில் டபிள்யூ.டபிள்யூ.இ-யின் (அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி மேடையில் ஓவன் ஹார்ட் அதைப் போட்டபோது ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து நசுங்கியது. கொஞ்ச நேரம் கை கால் அசையவில்லை. எப்படியோ ஊர்ந்துபோய் ஆட்டத்தை முடித்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் 2003-லேயே ஓய்வுபெற்றதற்கு அந்தக் கழுத்து ஒரு முக்கியக் காரணம். ஓவனின் கதை இன்னும் கொடியது. 1999 மே 23 அன்று அதே நிறுவனத்தின் நிகழ்ச்சியில், கான்சாஸ் சிட்டி அரங்கில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவதாக ஏற்பாடு. கொக்கி விடுபட்டு ரிங்குக்குள் விழுந்து இறந்துபோனார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, மற்ற ஆட்டங்கள் நடந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதன் பிறகு, 2000-களில், அதே நிறுவனம் கனடாவின் நயாகரா நீர்வீழ்ச்சிப் பக்கம் ஒரு பெரிய கடை வைத்திருந்தது. அதில் மனிதர்களை உயரே கொண்டுபோய் விழவிடும் ஒரு ராட்டினம் இருந்தது. அதற்குப் பைல்டிரைவர் என்று பெயர்.

யாரோ கெட்ட எண்ணத்தோடு வைத்த பெயர் என்று நான் சொல்லவில்லை. பார்க்குக்கு அந்த அளவு நினைவுதான் தாங்கும். வாசலில் டிக்கெட் வாங்கியவர் சிரித்துக்கொண்டே வெளியே போக வேண்டும் என்பது அதன் தொழில் தர்மம். உயரத்திலிருந்து விழவைத்துக் காசு வாங்கும் இடத்தில், உயரத்திலிருந்து விழுந்து இறந்தவரின் கதையை எந்த முதலாளி மாட்டிவைப்பார்? ஓவனின் மனைவி மார்த்தா, தன் கணவரின் பெயரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க இன்றுவரை சம்மதிக்கவில்லை. அந்த மறுப்பை நான் முழு மனதோடு மதிக்கிறேன்.

இன்னொன்று. டபிள்யூ.டபிள்யூ.இ-யின் ஹால் ஆஃப் ஃபேம் 1993-ல் ஆந்த்ரே தி ஜயன்டின் பெயரோடு தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அதற்கென்று ஒரு கட்டடமே கிடையாது. பெரும்பாலான வருஷங்களில் ஒரு விழா, அவ்வளவுதான். யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்வது நிறுவனமே. நம் தாரா சிங் 2018-ல் சேர்ந்தார், டொனால்ட் டிரம்ப்போ 2013-லேயே சேர்ந்துவிட்டார். மண்டபத்தை எங்கே கட்டினாலும் இந்தச் சாவி அவர்கள் கையில்தான் இருக்கும்.

பார்க்கில்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்தால், என் ஆசை இது. நடுவில் ஒரு நிஜ ரிங் போடுங்கள். இரும்புச் சட்டம், மேலே பலகை, மெல்லிய நுரை விரிப்பு, அதன்மேல் கேன்வாஸ். ஓய்வுபெற்ற ஒரு வீரர் நின்று, மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பலகையில் அறைந்து மல்லாக்க விழுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும். அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்ட பிறகு, "எல்லாம் சும்மா நடிப்பு" என்று எவரும் வாய் திறக்க மாட்டார். புறநானூற்றில் சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறாரே, அதில் வென்றான் என்பதோடு விடவில்லை. ஒரு கால் மார்பில் அழுந்தியிருக்கிறது, இன்னொரு கால் எதிராளியின் தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் ஊன்றியிருக்கிறது என்று உடம்பைக் காட்டுகிறார். பெல்ட்டையும் மெழுகு பொம்மையையும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைவிட, அந்த இரண்டு கால்களைக் காட்டுவதுதான் மரியாதை. இறந்தவர்களுக்கும் கழுத்து ஒடிந்தவர்களுக்கும் ஒரு அறை வேண்டும். மண்டபத்துக்கு ரோட்டுப் பக்கம் தனி வாசல் வேண்டும். பார்க் டிக்கெட் வாங்க வழியில்லாத ரசிகரும் உள்ளே வர வேண்டாமா?

பரவையைப் பற்றிக் கேட்டீர்கள். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஏறுதழுவுதல் அரங்கம் திறந்து, அதோடு அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். மாடுபிடி வீரர்களுக்கு அதுவே பொருத்தமான இடம். அங்கேயும் நான் தேடுவது இதையேதான்: பரிசு வாங்கிய காளைக்குப் பக்கத்தில், குத்துப்பட்டுக் கிடந்த பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்களா? திருமங்கலத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா