பேட்டரி பாயிண்ட் ஏன் பொய் சொல்கிறது? கேள்வி பதில்

போன வாரம் கேட்டிருந்தேன், கையில் பிடிக்கும் கருவிகளில் சார்ஜ் அளவு சரியாகக் காட்டாத பிரச்சினை இருந்தால் அனுப்புங்கள் என்று. நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மலையேற்றத்துக்கு ஒரு கையடக்க ஜிபிஎஸ் வாங்கினேன். சார்ஜ் ஏற்றுகிற பென்சில் செல் இரண்டை முழுசாக ஏற்றிப் போட்டால்கூட கொஞ்ச நேரத்திலேயே பாதி பாயிண்ட்தான் காட்டுகிறது. செல் டூப்ளிகேட்டா?

பதில்: செல்லைத் திட்டாதீர்கள், செட்டிங்கைப் பாருங்கள். செல்லுக்குள்ளே எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று கருவிக்குத் தெரியாது, வோல்டேஜைப் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். சாதாரண ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி, செலவாகச் செலவாகச் சரிந்துகொண்டே வரும். உங்களுடையது போல சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (NiMH) செல் அப்படியில்லை, பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் தொப்பென்று விழும். ஆல்கலைன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கருவிக்கு 1.2 என்றால் பாதி காலி. மெனுவில் சிஸ்டம் பகுதிக்குள் பேட்டரி வகை என்று ஒன்று இருக்கும், அதை NiMH என்று மாற்றுங்கள். நானே முதல் ஒரு வருஷம் இது தெரியாமல் நல்ல செல்லையெல்லாம் வழியிலேயே கழற்றிக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை: அங்கே லித்தியம் என்று இருப்பது பெரும்பாலும் சார்ஜ் ஏற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல்லுக்கானது. உங்கள் செல்லில் சார்ஜ் ஏறுகிறதே என்று அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: யூஎஸ்பி கேபிளில் நேரடியாகச் சார்ஜ் ஏறும் 1.5 வோல்ட் பென்சில் செல் வாங்கினேன். ஃபுல் காட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று அணைகிறது. எந்த வகையை செட் பண்ணுவது?

பதில்: எதை வைத்தாலும் சரியாகாது. உள்ளே இருப்பது லித்தியம் அயான் செல், கூடவே ஒரு குட்டி சர்க்யூட் வோல்டேஜைக் கடைசிவரை 1.5லேயே பிடித்து வைத்திருக்கும். பார்க்கும் கருவி பாவம், என்ன செய்யும்? சில வகைகள் தீரப்போகும்போது மட்டும் வேண்டுமென்றே 1.1 வோல்ட்டுக்கு இறங்கி எச்சரிக்கும், அந்த மாதிரி கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் மாற்று செல் பையில் இருக்கட்டும்.

கேள்வி: போனுக்குப் புது பேட்டரி போட்டேன் சார். 30 சதவீதத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது.

பதில்: போனில் ஊகம் இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனமானது. உள்ளே போகிற, வெளியே வருகிற கரன்டை ஒரு சிப் கணக்குப் போடும், சும்மா கிடக்கும்போது வோல்டேஜைப் பார்த்து அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். பேட்டரி மாறினால் பழைய கணக்கு பொருந்தாமல் போகலாம். அதனால் தானாக அணையும்வரை பயன்படுத்துங்கள், இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள், அப்புறம் இடையில் பிடுங்காமல் 100 வரை ஏற்றி, மேலே ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். ஓரிரு தடவை போதும். இதையே மாதாமாதம் செய்யாதீர்கள், லித்தியம் பேட்டரியை அடிமட்டம்வரை இறக்குவது அதன் ஆயுளைத்தான் தின்னும்.

அதற்கும் சரியாகவில்லையா? கேமராவோ ஃப்ளாஷோ போட்டதும் அணைந்து, சார்ஜரில் செருகிய உடனே மறுபடி 25, 28 என்று காட்டினால் அது கணக்குப் பிழையாக இருக்காது. பேட்டரியே பலவீனம், லோடு ஏறியதும் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பேட்டரிஸ்டாட்ஸ் ஃபைலை அழிக்கும் ஆப் போட்டால் போனின் சதவீதக் கணக்கு சரியாகுமா (காலிபரேட்)?

பதில்: ஆகாது. எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்றது என்ற குறிப்புதான் அந்த ஃபைல், சதவீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூகுளின் ஆண்ட்ராய்டு பொறியாளர் டயான் ஹாக்போர்ன் 2012லேயே இதைச் சொல்லிவிட்டார். இன்னும் அந்த ஆப்களை இறக்கிக்கொண்டிருக்கிறோம்!

கேள்வி: இஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோலர் சிப்) வைத்து ஒரு கையடக்கக் கருவி செய்கிறேன், ஒற்றை லித்தியம் பாலிமர் பேட்டரி. 4.2 வோல்ட் 100, 3.0 வோல்ட் 0 என்று நேர்க்கோடாகப் போட்டேன். 60 காட்டிவிட்டுச் சீக்கிரமே செத்துவிடுகிறது.

பதில்: நேர்க்கோடுதான் தப்பு. உங்கள் கணக்கில் 3.7 வோல்ட் என்றால் 58 சதவீதம், ஆனால் பாலிமர் பேட்டரி ஓய்வில் 3.7க்கு வந்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முழு சார்ஜிலிருந்து ஒரே அளவு லோடில் இறக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வோல்டேஜைக் குறித்து, உங்கள் பேட்டரிக்கு நீங்களே ஒரு அட்டவணை செய்யுங்கள். இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பாதியாக்கினால் 4.2 என்பது 2.1 ஆகிவிடும், இஎஸ்பி32இன் அளவீடு கோணலாகிற மேல் முனைவரை அது போகாது. வோல்டேஜை அளக்கும் பின்களில் (ஏடிசி) ஏடிசி1 பின்னையே எடுங்கள், வைஃபை ஓடும்போது ஏடிசி2 வேலை செய்யாது. வைஃபை அனுப்பும் நொடியில் அளக்காமல், பத்திருபது தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். இதெல்லாம் தலைவலி என்றால் பேட்டரி சதவீதத்தைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் மேக்ஸ்17048 சிப் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார் அப்பா. சரியா?

பதில்: அவர் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சரி. உங்கள் போனுக்கு இல்லை.