பயிற்சி பெற்ற செவிலியர்களும் மருத்துவர்களும் அருகிலேயே இருந்தும், பிறந்த குழந்தைக்கு மூச்சளிப்பதில் தாமதம் ஏன் நேர்கிறது?

பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலுமாக 14 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கவனக்குறைவையே காரணமாக நினைக்கிறார்கள். ஆனால் நான் நேரில் கண்ட தாமதங்களில் பல, மேசையின் உயரத்தாலும், பொருள் வைக்கப்பட்டிருந்த இடத்தாலும், உத்தரவு சொல்லப்பட்ட விதத்தாலும் வந்தவை.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிட ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. ஈரம் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டியும் மூச்சு வராவிட்டால், பிறந்த 60 விநாடிகளுக்குள் அம்பு பையாலும் (கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை) மாஸ்க்காலும் காற்றளிக்கத் தொடங்கிவிட வேண்டும். துடைப்பதற்கும் தூண்டுவதற்குமே அதில் பாதி கரைந்துவிடும். மாஸ்க்கைத் தேடி இழுப்பறையைத் துழாவ அதற்கு மேல் நேரம் இருப்பதில்லை.

நான் முன்பு பணிபுரிந்த மருத்துவமனை ஒன்றில் வார்மரின், அதாவது பிறந்த குழந்தையைக் கிடத்திச் சூடாக வைக்கும் மேசையின், உயரத்தை மாற்ற வழியில்லை. நானோ ஐந்தடிக்கும் குறைந்த உயரம். ஓர் இரவு, அழாமல் பிறந்த குழந்தைக்குக் காற்றளிக்க நுனிக்காலில் நின்று மாஸ்க்கைப் பிடித்தேன். என் உடலின் பாரம் கைவழியாக மாஸ்க்கின் மேல் இறங்கியது. தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய விரல்கள் அதன் அடிக்கு எட்டவில்லை. முகவாய் மார்பை நோக்கிச் சரிய, சற்றே நிமிர்ந்திருக்க வேண்டிய கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபட்டது. பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன், மார்பு எழவில்லை. மூத்த சிஸ்டர் ஒருவர் எதுவும் பேசாமல் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஏறி நின்றதும் தோள்கள் இறங்கின, தாடை விரல்களுக்குள் வந்தது, அடுத்த அமுக்கலிலேயே மார்பு எழுந்தது. அந்தக் குழந்தை நலமாகத் தாயுடன் வீடு திரும்பியது. என் கைத்திறன் அந்த அரை நிமிடத்தில் கூடவுமில்லை, குறையவுமில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மருந்திலும் இதே சிக்கல் உண்டு. இதயத்தைத் தூண்டும் மருந்தான அட்ரினலின், நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலாகவே (சிறு கண்ணாடிக் குப்பி) வருகிறது. பிறந்த குழந்தைக்கு அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்த பிறகே கொடுக்க வேண்டும். மார்பை அழுத்துபவரும் காற்றளிப்பவரும், மூன்று அழுத்தத்திற்கு ஒரு மூச்சு என்று உரக்க எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில், நடுங்கும் கையுடன் ஒருவர் 1 மில்லி மருந்தையும் 9 மில்லி சலைனையும் கலந்து, எடைக்கேற்ற அளவைக் கணக்கிடுகிறார். அந்தக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து போய்விடும். எடைவாரியாக மில்லிலிட்டர் அளவை எழுதிய அட்டை ஒன்றை வார்மரின் பக்கவாட்டில், கண்மட்டத்தில் ஒட்டிவிட்டால் மனக்கணக்குக்கு வேலையே இல்லை.

பேச்சையும் இப்படித்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். "யாராவது அட்ரினலின் எடுங்க" என்றால், ஒன்று இருவர் ஓடுவார்கள், இல்லையேல் ஒருவரும் நகர மாட்டார்கள். பெயர் சொல்லி, அளவு சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் அந்த அளவைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பை 6 விநாடி எண்ணிப் பத்தால் பெருக்குபவர், எண்ணும்போதே விரலால் மேசையில் தட்டினால், துடிப்பு எழுகிறதா இறங்குகிறதா என்பது அறை முழுவதற்கும் அக்கணமே தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் குழந்தை மருத்துவர் லூயிஸ் ஹாலமெக்கும் அவருடைய குழுவினரும், விமானிகளுக்கான ஒத்திகைப் பயிற்சியைப் பின்பற்றி, பிரசவ அறைக்கான பயிற்சியை உருவாக்கினார்கள். அதற்குப் பெரிய கூடம் கட்டாயமில்லை. நாங்கள் மாதம் ஒருமுறை இரவுப் பணியில் ஒரு பொம்மையை வார்மரில் கிடத்தி, அன்று புதிதாகப் பணிக்கு வந்தவரிடம் பையைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்க்கிறோம். நிறை மாதக் குழந்தைக்கான 1ஆம் எண் மாஸ்க்கும் குறைமாதக் குழந்தைக்கான 0 எண் மாஸ்க்கும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தது அப்படித்தான் வெளிப்பட்டது. இப்போது இரண்டும் தனித்தனித் தட்டுகளில், மூடியின்றி, வலக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வார்மரின் அடியில், ஏறி நிற்க ஒரு மரப்படியும் இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும், அம்பு பையை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்து, சளியை உறிஞ்சும் சக்ஷன் கருவியை ஓடவிட்டுச் சரிபார்ப்பவரே, அந்தப் படி தன் இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக் கையெழுத்திடுகிறார்.