பத்துப் பேர் வாழும் க்ரோடே: கேள்வி பதில்

ஜெர்மனியின் வடமேற்குக் கடலோரத்தில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் இருக்கிறது க்ரோடே. கரை கட்டாத, கடலுக்குள் தாழ்வாகக் கிடக்கும் புல்நிலம். இப்படிப்பட்ட நிலங்களை அங்கே ஹாலிக் என்கிறார்கள். மொத்தம் பத்து உண்டு. க்ரோடே பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பத்துப் பேருக்கு ஒரு தனி ஊராட்சியா? தேர்தல் எப்படி நடக்கும்?

ஆமாம், நாட்டின் மிகச் சிறிய ஊராட்சிகளில் இதுவும் ஒன்று. அந்த மாநிலச் சட்டப்படி, 70 பேர் வரை உள்ள ஊரில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் மன்றம் கிடையாது. வாக்குரிமை உள்ள எல்லோரும் கூடும் கூட்டமே மன்றம். தலைவரையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

வரைபடத்தில் இரண்டு மேடுகள்தான் தெரிகின்றன. மற்ற வீடுகள் எங்கே?

அவ்வளவுதான் ஊர். மனிதர்கள் மண் கொட்டி எழுப்பிய மேடுகள் அவை, பெயர் வார்ஃப்ட். க்னூட்ஸ்வார்ஃப்டில் வீடுகள். கிர்ஹ்வார்ஃப்டில் 1779இல் கட்டிய தேவாலயமும் பழைய பள்ளியும். சுற்றிலும் மேய்ச்சல் நிலம்.

கடல் ஏறினால் என்ன செய்வார்கள் அண்ணா?

முதலில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டி வருவார்கள். சில மணி நேரத்தில் புல்வெளி மறைந்து, மேடுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். வருடத்தில் பல தடவை நடப்பதால் யாரும் பதறுவதில்லை. பெரும்புயல் வந்தால் கதை வேறு. 1825 பிப்ரவரியில் வந்த வெள்ளம் ஹாலிக்குகளில் வீடுகளையும் உயிர்களையும் அள்ளிக்கொண்டு போனது. 1962 பிப்ரவரி வெள்ளத்துக்குப் பிறகு வீடுகளில் கான்கிரீட் தூண்கள்மேல் ஒரு பாதுகாப்பு அறை கட்டினார்கள். கீழ்ச்சுவர் இடிந்தாலும் அந்த அறை நிற்கும். குடிநீர்க் கவலையும் அப்போது பெரிது. முன்பு கால்நடைகளுக்கு மேட்டின் நடுவில் மழைநீர்க் குட்டைதான். கடல் அதற்குள் புகுந்துவிட்டால் வாய் வைக்க முடியாது. இப்போது நிலப்பகுதியிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது.

உயரமாக ஒரு கரை கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி. தீராது, கூடும் என்பதே என் எண்ணம். ஏறும் கடல் சேற்றைச் சுமந்து வந்து புல்லுக்கிடையில் விட்டுப் போகிறது. இப்படித்தான் நிலம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. தண்ணீரை அடைத்தால் சேறும் நின்றுபோகும். பக்கத்து ஹாலிக்கான ஹோகேயைப் பாருங்கள். 1911 முதல் 1914 வரை கோடைக்கால வெள்ளத்தை மட்டும் தடுக்கும் தாழ்வான கோடைக்கரை கட்டினார்கள். வெள்ளம் குறைந்தது, சேறு படிவதும் குறைந்தது. கடல் மட்டம் உயரும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆகவே நிலத்தின் ஓரத்தைக் கல்லடுக்கி அரிப்பிலிருந்து காத்து, மேடுகளை உயர்த்துவதே சரியான வழி. மேல்பரப்பைக் கடலுக்குத் திறந்தே வைக்க வேண்டும்.

சுற்றிப் பார்க்கப் போகலாமா?

தாராளமாக. ஷ்லூட்ஸீல் துறையிலிருந்து படகு உண்டு. ஓதத்தைப் பொறுத்தே நேரம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போனால் சைபீரியாவுக்குத் திரும்பும் வழியில் கடல்வாத்துகள் புல் மேய்வதைப் பார்க்கலாம். ஊதாப் பூக்கள் வேண்டுமென்றால் ஜூலைக் கடைசியில் போங்கள். கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றுவெளியில் வழிகாட்டி இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள். தண்ணீர் பின்பக்கமாகச் சூழ்ந்துவிடும்.