சனியின் வளையம் காணோம் என்றால் தொலைநோக்கி பழுதா?

தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் 70 மி.மீ. அகல வில்லை உள்ள கருவியில் சனியைப் பார்த்தபோது வளையமே இல்லை, குறுக்கே ஊசி செருகியதுபோல் ஒரு கோடுதான் என்கிறீர்கள். அந்தக் கோடுதான் வளையம்.

சனி சுமார் 27 டிகிரி சாய்ந்தபடி 29 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. அதனால் 13 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும். 2025 மார்ச் 23 அன்று அப்படி நேர்ந்தது. நவம்பர் கடைசியிலும் வளையம் நம் பார்வைக்குச் சாய்ந்து தெரிந்தது அரை டிகிரிக்குள்தான். குறுக்கே ஏறத்தாழ 2,80,000 கி.மீ. பரந்த அந்த வளையத்தின் தடிமன் பெரும்பாலும் பத்து மீட்டர் அளவுதான், பிறகு எப்படித் தெரியும்? 1612இல் கலிலியோவே இதைப் பார்த்துக் குழம்பிப்போனார், நாமெல்லாம் எம்மாத்திரம்!

சந்தேகம் தீர, அதே ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) வியாழனைப் பாருங்கள். இரண்டு பட்டைகளும் பக்கத்தில் நிலாக்களும் தெளிவாகத் தெரிந்தால் கருவி நன்றாகவே இருக்கிறது.

ஆனால் வியாழன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது பார்த்து முடிவு கட்டாதீர்கள். கீழே காற்று அலையும். நல்ல கருவியிலும் படம் குழம்பும். உச்சிக்கு வரட்டும். அப்போதும் மங்கல் என்றால் கடைக்குப் போகலாம்.

அப்புறம், வளையம் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழுச் சாய்வுக்கு வரும்.