நம் தேவைகளைக் கடவுள் முன்பே அறிந்திருக்கிறார் என்றால், கிறிஸ்தவர்கள் ஏன் ஜெபிக்க வேண்டும்?

இது நியாயமான கேள்வி; இதற்கு இடம் கொடுத்தவரே இயேசுதான். நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்பே நமக்கு இன்னது தேவை என்று பிதா அறிவார் என மத்தேயு 6-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் சொன்னவர், அடுத்த வசனத்திலேயே 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். ஆகவே, கடவுளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பது ஜெபத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

அந்த ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். பிதாவின் நாமம், ராஜ்யம், சித்தம் ஆகிய மூன்றும் முதலில் வருகின்றன. அன்றாட அப்பம் அவற்றுக்குப் பிறகுதான். அதிலும் 'எனக்கு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'எங்களுக்கு' என்றே இருப்பதால், தனியறையில் முழங்காலிடுபவரும் பசித்திருக்கும் அடுத்த வீட்டாரைச் சேர்த்துக்கொண்டுதான் அப்பம் கேட்கிறார்.

நம் விருப்பத்தைப் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பதே ஜெபத்தின் நோக்கம்; அது முழுமையாக வெளிப்படும் இடம், இயேசு பிடிக்கப்படுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே என்பேன். சீடர்கள் தூங்கிவிட்ட அந்த இரவில், இயேசு தரையில் முகங்குப்புற விழுந்து, துன்பத்தின் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடினார். தம் வியாகுலத்தை அவர் மறைக்கவில்லை. ஆயினும் பிதாவின் சித்தமே ஆகட்டும் என்பதில் வந்து நின்றார். மூன்று முறை ஜெபித்தும் பாத்திரம் நீங்கவில்லை. ஆனால், தூங்கியவர்களை எழுப்பி, தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொள்ள அவரே முன்வந்தார். அப்போஸ்தலர் பவுலும், தம்மை வாட்டிய துன்பத்தை மாம்சத்திலிருந்த முள் என்று சொல்லி, அது நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். அவருக்குக் கிடைத்த பதில், கிருபை போதும் என்பதே.

கேட்பது தவறென்று இதற்குப் பொருளல்ல. நோய்க்காகவும் வேலைக்காகவும் பிள்ளையின் பரீட்சைக்காகவும் ஜெபிப்பவரை நான் குறைசொல்ல மாட்டேன், ஏனெனில் அப்பம் கேட்கச் சொன்னவரும் இயேசுவே.