கலாத்தியா இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: ஹாலில் ஒரு கலாத்தியா செடி வைத்திருக்கிறேன். வாங்கி வந்த புதிதில் செழிப்பாக இருந்தது. இப்போது இலை நுனிகள் பழுப்பாகி, ஓரமெல்லாம் கருகி, தொட்டால் நொறுங்குகிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன். ஆர்ஓ இயந்திரத்தில் இருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகக் கூடாதே என்று அதைத்தான் ஊற்றுகிறேன். இலைமேல் ஸ்பிரேயும் அடிக்கிறேன். உரம் போட்டும் சரியாகவில்லை. செடியைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: காப்பாற்றலாம். ஆனால் இன்றைக்கே இரண்டை நிறுத்துங்கள்: உரம், ஆர்ஓ கழிவுநீர். உங்கள் கேள்வியைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது அந்தத் தண்ணீர்மேல்தான்.

ஆர்ஓ இயந்திரம் நாம் குடிக்கிற தண்ணீரைப் பிரித்தெடுத்துவிட்டு, அதில் இருந்த உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. குழாயில் வருவதைவிட அதில் உப்பு அதிகம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கலாத்தியாவுக்கு அது ஆகவே ஆகாது.

வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டு வழியாக ஏறி, இலையிலுள்ள நுண்துளைகள் வழியாக ஆவியாகிப் போகிறது. தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. இலைக்குள் தண்ணீர் ஓடுகிற பாதை முடியும் இடம் நுனியும் ஓரமும்தான், அதனால் உப்பு அங்கேயே சேருகிறது. அளவு மீறும்போது அந்த இடத்துத் திசு செத்துப் பழுப்பாகிறது. விடியற்காலையில் உங்கள் செடியைப் பாருங்கள். இலை நுனியில் சில நாள் ஒரு சொட்டு நீர் தொங்கும். செடி தானே கசியவிடும் நீர் அது. காய்ந்த பிறகு அந்த இடத்தில் வெள்ளைப் பொடி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது உப்புதான். தொட்டியின் விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பூச்சு தெரிகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போட்ட உரமும் ஒருவகை உப்புதான். ஏற்கெனவே இருந்த சுமை அதனால் கூடியிருக்கும்.

இருந்தாலும் உப்பு மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தினமும் தண்ணீர் விடுவதாகச் சொல்கிறீர்களே, அது கவலையாக இருக்கிறது. மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலை தாகத்தில் காயும். அதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். வீட்டுச் செடிகள் பலவும் சாவது இப்படித்தான்.

அதனால் செடியைத் தொட்டியோடு சாய்த்து, மெதுவாக வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகக் குழைந்து, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மாதிரி நரம்பு நிற்கும். நாற்றமும் அடிக்கும். கலாத்தியா வேரில் ஆங்காங்கே சின்னக் கிழங்கு மாதிரி உருண்டைகள் இருக்கும். அவை நோய் இல்லை, வெட்டிவிடாதீர்கள்.

வேர் அழுகியிருந்தால் அந்தப் பகுதியைச் சுத்தமான கத்தரியால் நீக்கிவிட்டு, புதுக் கலவையில் மாற்றி நடுங்கள். கோகோபீட்டோடு (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட் என்கிற லேசான வெள்ளைத் துகளோ கரடுமுரடான மரப்பட்டைத் துண்டுகளோ சேர்த்தால் தண்ணீர் தேங்காது. கோகோபீட்டிலும் உப்பு இருக்கலாம், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வேர் நன்றாக இருந்தால் மண்ணை அலசினாலே போதும். தொட்டியைச் சிங்க்கில் வைத்து, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரை நிதானமாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிடுங்கள். இதற்கு மழைநீர் சிறந்தது. ஆர்ஓ சுத்திகரித்த தண்ணீரும் சரி. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உப்பு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிப் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால், கரைந்த உப்பில் பெரும்பாலானது இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு பறந்துவிடும். ஃபுளோரைடு பறக்காது, கிருமி நீக்கச் சில ஊர்த் தண்ணீரில் சேர்க்கும் குளோரமைனும் லேசில் போகாது. கலாத்தியா, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் மூன்றுக்குமே ஃபுளோரைடு ஒத்துக்கொள்ளாது, நுனி கருகும்.

இனிமேல் நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் விடாதீர்கள். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழம்வரை காயத் தொடங்கியிருந்தால் ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். அலங்காரத் தொட்டிக்குள் வைத்திருந்தால் அதன் அடியில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்து காற்று. கலாத்தியா அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் செடி. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்குச் சுகம். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் இருந்தால் ஓரம் கருகத்தான் செய்யும், இடத்தை மாற்றுங்கள். ஸ்பிரேயால் பெரிய பலன் இல்லை, சில நிமிடத்தில் அந்த ஈரம் காய்ந்துவிடும். கடினமான தண்ணீராக இருந்தால் இலையில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். செடிகளைக் கூட்டமாக வைப்பது கொஞ்சம் உதவும். காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் இருந்தால் நன்றாக உதவும்.

பழுப்பு வேறு மாதிரி இருந்தால் காரணமும் வேறு. இலை நடுவில் வெளிறிக் காய்ந்த திட்டு என்றால் நேர் வெயில் பட்டிருக்கிறது. அடியில் உள்ள பழைய இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளாகிக் காய்ந்தால் அது வயது, விட்டுவிடலாம். ஊசி குத்தியது போல இலை முழுக்க வெளிர் புள்ளிகள் தெரிந்தால் இலையைத் திருப்பி, அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. வறண்ட காற்றில் வேகமாகப் பெருகும். ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை திரும்பத் திரும்பப் பாருங்கள்.

கருகிய இடம் மறுபடி பச்சையாகாது. பார்க்க உறுத்தலாக இருந்தால் இலையின் வடிவத்தை ஒட்டியே கத்தரியுங்கள், பச்சைப் பகுதியைத் தொடாமல் மெல்லிய பழுப்பு விளிம்பை மட்டும் விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் அந்த வெட்டு ஓரமும் காயும். பாதிக்குமேல் பச்சை இருக்கிற இலையை முழுசாக எடுக்க வேண்டாம், செடி அதை வைத்துத்தான் தேறும்.

செடி தேறுகிறதா என்பதைப் பழைய இலையில் தேடாதீர்கள். சுருண்டு வரும் புதுக் குருத்தைப் பாருங்கள். விரிந்த பிறகும் சில வாரம் அதன் ஓரம் சுத்தமாக இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். அப்படி இரண்டு இலைகளாவது வந்தபிறகு உரம் போடலாம், பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவில் பாதி போதும்.