கர்த் புண்: பட்டையை மாற்றுவதற்கு முன்

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரையைச் சவாரிக்கு வைத்திருக்கிறோம். சேணம் நகராமல் வயிற்றுக்கடியில் இறுக்கும் கர்த் பட்டை படும் இடத்தில், முன்னங்காலுக்குப் பின்னால், முடி உதிர்ந்து தோல் உரிகிறது. நியோபிரீன் (செயற்கை ரப்பர்) பட்டைக்கு மாறியும் புண் திரும்பத் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

தரோபிரெட்டுக்குத் தோல் மெல்லியது, முடியும் குட்டை. அதனால் மற்றக் குதிரை பொறுத்துக்கொள்ளும் உராய்வை இது பொறுக்காது. ஆனால் புதுப் பட்டை வாங்குவதற்கு முன் புண் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காரணத்தைப் பெரும்பாலும் அதுவே காட்டிவிடும்.

முழங்கை மூட்டுக்கு ஒட்டிய தளர்ந்த தோல் மடிப்பில் புண் என்றால், பட்டை முன்னுக்கு நகர்ந்து தோலைக் கிள்ளுகிறது. விலாக்கூடு குறுகும் இடத்தில்தான் பட்டை போய் நிற்கும். சில குதிரைகளுக்கு அந்த இடமே முழங்கையை ஒட்டி இருக்கும். அப்போது முழங்கைப் பக்கம் உள்வளைவாக வெட்டிய அனாட்டமிக்கல் கர்த் உதவும். சேணத்தைத் தோள்பட்டை மேல் ஏற்றிப் போட்டிருந்தாலும் இதே தொல்லைதான். பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு விரல் இடைவெளி வேண்டும். பக்கிள் இருக்கும் இடத்தில் புண் என்றால் பட்டையின் நீளம் சரியில்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால், எப்போதும் இடப்பக்கமே இழுத்து இறுக்குகிறார்களா, ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இறுக்கும் முறை முக்கியம். முதலில் தளர்வாக மாட்டுங்கள். இரு பக்கமும் மாற்றி மாற்றி ஒவ்வொரு துளையாக ஏற்றுங்கள். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முட்டிக்குக் கீழே பிடித்து மெதுவாக முன்னால் நீட்டிவிடுங்கள். பட்டைக்கடியில் மடிந்த தோல் விரிந்துகொள்ளும். ஐந்து நிமிடம் நடத்திவிட்டு மறுபடி பாருங்கள். தட்டையாக வைத்த இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். அளவுக்கு மீறித் தளர்ந்த பட்டையும் ஆடி ஆடித் தேய்க்கும். புண்ணுக்குப் பயந்து தளர்த்துவது தீர்வாகாது.

நியோபிரீன் வியர்வையை உறிஞ்சாது, சூட்டையும் பிடித்து வைக்கும். சில குதிரைகளுக்கு அந்தப் பொருளே ஒத்துக்கொள்ளாது. நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி உறை போட்ட பட்டை நல்லது. இரண்டு உறை வைத்து மாற்றி மாற்றித் துவையுங்கள். சோப்புத் தூள் தங்கினாலும் தோல் அரிக்கும், நுரை போகும்வரை அலசுங்கள். தோல் பட்டை என்றால் சேண சோப்பால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த வியர்வை அதை விறைக்க வைத்துவிடும்.

சவாரிக்கு முன் அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மண், வைக்கோல் துரும்பு இருக்கக்கூடாது. சவாரி முடிந்ததும் வெறும் தண்ணீரால் வியர்வையைக் கழுவி, மடிப்பை ஈரமில்லாமல் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு உடனே சேணம் போடுவது பல லாயங்களில் பழக்கம். அதில் தூசி ஒட்டி உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

இப்போதைய புண்ணுக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கலந்து கழுவி, ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். ஈ மொய்க்காமல் பாருங்கள். தோல் மூடி, தொட்டால் வலிக்காத நிலை வரும்வரை பட்டை போடாமல் கையில் பிடித்து நடத்துங்கள். ஆறியபின் முதல் வாரம் 20 நிமிடச் சவாரி போதும். ஓய்வில் மென்மையான தோல் பழக நாளாகும்.

வட்ட வட்டமாகச் செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பட்டையை வேறு குதிரைக்குப் போடாதீர்கள், மனிதருக்கும் ஒட்டும். புண் ஆறிய பிறகும் பட்டையைக் கண்டதும் குதிரை காதை மடக்கிக் கடிக்க வந்தால் இரைப்பைப் புண்ணைச் சந்தேகியுங்கள், பந்தயக் குதிரைகளிடம் அது சர்வசாதாரணம். இந்த இரண்டுக்கும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.